கருமாதிச் சாப்பாடு: எந்த நாளில் யார் உலை வைப்பது, அந்தச் சோற்றுக்கு என்ன பேர்

அப்பாவின் பதினாறாம் நாளன்று மண்டப வாசலில் இரண்டு பையன்கள் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் கற்கண்டுத் தட்டுமாக நின்றுகொண்டு, வந்தவர்களை எல்லாம் "வாங்க, வாங்க" என்று கும்பிட்டார்கள். பெரிய அத்தை ஆட்டோவை விட்டு இறங்கியதும் அதைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் தட்டைப் பிடுங்கிக்கொண்டுபோய்ச் சமையல்கட்டில் வைத்துவிட்டு வந்தார். உள்ளே போனால் இலைக்கு இலை ஜாங்கிரி, கடைசியில் ஐஸ்கிரீமும் பீடாவும். சமையல் எடுத்தவரைக் குறை சொல்ல முடியாது. போனில் நான்தான் "ஒரு ஃபங்ஷன், முந்நூறு பேர், சைவம்" என்று சொல்லியிருந்தேன். கருமாதி என்ற சொல் என் வாயில் வரவில்லை.

வராததற்குக் காரணம் இருக்கிறது. சாவு வீட்டுச் சொற்கள் முக்கால்வாசி நம்மிடம் வசவாகிவிட்டன. "என்ன எழவுடா இது", "கருமம் கருமம்", "கருமாந்திரம் பிடிச்சவன்" என்போம். லஞ்சம் கேட்கிறவனுக்கு வாய்க்கரிசி போட்டோம், திரும்பி வராத கடனுக்கு எள்ளும் தண்ணியும் தெளித்தோம், ஒத்துவராத உறவைத் தலைமுழுகினோம். இப்படி எல்லாவற்றையும் திட்டுவதற்குப் பயன்படுத்தித் தேய்த்துவிட்டு, நிஜமாகவே தேவைப்படும் நாளில் சொல்லக் கூசி, "விசேஷம்", "நிகழ்ச்சி", "ஃபங்ஷன்" என்று நழுவுகிறோம். நழுவினால் சாப்பாடும் கூடவே நழுவிவிடும் என்பதுதான் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஏனென்றால் அந்தப் பழைய பேர்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் யார் சமைப்பது, யார் சாப்பிடுவது, எது இலையில் இருக்கக் கூடாது என்ற விவரம் எல்லாம் அடங்கியிருக்கிறது.

அப்புறம் அத்தையிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். நாங்கள் சிவகங்கைப் பக்கம், கறி மீன் சாப்பிடுகிற குடும்பம், எங்களுக்குத் தீட்டு பதினாறு நாள். உங்கள் வீட்டு வழக்கம் சில இடங்களில் மாறும். மாறுகிற இடத்தில் உங்கள் அத்தை சொல்வதுதான் சரி, என் அத்தை சொல்வது அல்ல.

முதலில் பேரைக் கேளுங்கள்

சமையல்காரரைத் தேடுவதற்கு முன்னால் வீட்டிலேயே மூத்த பெண் யாரோ அவரிடம் போய், "நம்ம வீட்ல இதுக்கு என்ன பேரு, எத்தனாவது நாளு, யாரு சமைப்பா" என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஆண்களுக்குச் சுடுகாட்டு வேலை தெரியும், அடுப்படி வேலை தெரியாது. ஐயருக்கு மந்திரமும் சாமான் பட்டியலும் தெரியும், உங்கள் வீட்டில் எந்தக் காய் ஆகாது என்பது அவருக்குத் தெரியாது.

பேர்கள் ஊருக்கு ஊர் வேறு. செத்த செய்திக்கே எங்கள் பக்கம் கேதம் என்பார்கள், கேதம் கேட்கப் போவோம். இன்னும் தெற்கே போனால் துட்டி. கோயம்புத்தூர்ப் பக்கம் "பெரிய காரியம் ஆயிருச்சு" என்றால் கல்யாணம் காதுகுத்து என்று நினைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். இழவு எல்லா ஊருக்கும் பொது. இழப்பு என்பதுதான் அதன் அர்த்தம், அதில் திட்டு எதுவும் இல்லை. கருமாதி, கருமாந்திரம் இரண்டுமே கருமம் என்ற சொல்லை ஒட்டி வந்தவை. கருமம் என்றால் செய்ய வேண்டிய செயல், அவ்வளவுதான். "தத்தம் கருமமே கட்டளைக்கல்" என்று குறள் சொல்கிற அதே கருமம். காரியம் என்று நாம் நாசூக்காகச் சொல்வதற்கும் அதே பொருள்தான். பத்திரிகையில் அடிக்கும்போது உத்தரகிரியை என்று போடுவார்கள், அதாவது பிற்பாடு செய்யும் கிரியை. அந்தப் பத்திரிகையின் ஓரத்தில் மஞ்சள் தடவக் கூடாது. அச்சகத்தில் பழக்க தோஷத்தில் தடவிக் கொடுத்துவிடுவார்கள், வாங்கும்போது பாருங்கள்.

நாள் எண்ணும்போது இறந்த நாளையே முதல் நாளாக வைத்து எண்ணுங்கள். மறுநாளிலிருந்து எண்ணி மண்டபம் பதிவு செய்துவிட்டு முன்பணத்தோடு மல்லுக்கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அடுப்பு யாருடையது

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. எடுத்து முடித்து, வீடு கழுவி, போனவர்கள் எல்லாம் தலைமுழுகி வரும்வரை உலை ஏறாது. தீட்டு பங்காளிகளுக்கு, செத்தவர் வீட்டு ரத்தம், ஒரே குலசாமி கும்பிடுகிறவர்கள். மாமன் மச்சான் வீடுகளுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் தீட்டு இல்லை. ஆகவே சமைத்துப் போடுகிற கடமை அவர்களுடையது, அது அவர்களுக்கு ஒரு உரிமையும்கூட. பங்காளி அழுவான், சம்பந்தி ஆக்கிப் போடுவான். சோறு யார் வீட்டுப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தாலே அந்தக் குடும்பத்துக்கு யார் யார் என்ன முறை என்று வெளியாள்கூடச் சொல்லிவிடலாம்.

இன்றைக்குச் சண்டை வருவது இந்த இடத்தில்தான். துக்கத்தில் இருக்கிற பிள்ளைகளே, யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று ஹோட்டலில் ஐம்பது பொட்டலம் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பக்கம் சம்பந்தி வீட்டில் அண்டா இறக்கி அரிசி களைந்துகொண்டிருப்பார்கள். "எங்க சோறு வேணாம்னுட்டான்" என்ற பேச்சு அடுத்த பத்து வருஷத்துக்கு ஓடும். அதனால் முதல் அரை மணி நேரத்திலேயே வீட்டில் நிதானமாக இருக்கிற ஒருவர் சம்பந்தி வீட்டாருக்கும் தாய்மாமனுக்கும் போன் செய்து, "காப்பி யாரு, மத்தியானம் யாரு, எடுத்த பிறகு ராத்திரிச் சோறு யாரு" என்று பேசி முடித்துவிட வேண்டும். ஹோட்டலில்தான் சொல்ல வேண்டும் என்றாலும் அவர்கள் சொல்லட்டும், அவர்கள் காசு கொடுக்கட்டும்.

முதல் நாள் வந்தவர்களுக்குக் கொடுப்பது வறக்காப்பி. பால் கிடைக்காமல் இல்லை, வழக்கம் அப்படி. இப்போது டீக்கடையில் கேன் சொல்லிவிடுகிறார்கள், அதிலும் தப்பில்லை. பெரிய கூட்டம் என்றால் தண்ணீர்க் கேன் பத்துப் பதினைந்து முதலிலேயே இறக்கிவிடுங்கள், அழுகிறவர்களுக்குத்தான் முதலில் தொண்டை வறளும். எடுக்கும்வரை சாப்பிடக் கூடாது என்று விரைப்பாக நிற்கிற வீடுகள் உண்டு. ஆனால் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள், பால் கொடுக்கிற தாய்மார், சின்னப் பிள்ளைகள் எல்லோரையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி இட்லி கொடுத்துவிடுங்கள். அத்தையே சொன்னது இது: "பட்டினி போட்டு இன்னொண்ணைப் படுக்க வைக்கவா?"

வாய்க்கரிசி

இது விருந்தில்லை, ஆனால் இதைத் தள்ளிவிட்டுச் சாவுச் சோற்றைப் பற்றிப் பேச முடியாது. போகிறவருக்கு வீட்டார் ஊட்டுகிற கடைசிச் சோறு இது, வேகாத சோறு. பச்சரிசி இரண்டு கிலோ இருந்தால் தாராளம், ஒரு தட்டிலோ சின்ன நார்ப்பெட்டியிலோ போட்டு வையுங்கள். எங்கள் பக்கம் பெண்கள் வீட்டில் எடுக்கும் முன் போடுவார்கள், ஆண்கள் சுடுகாட்டில் போடுவார்கள், அதனால் அரிசியை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை வண்டியில் ஏற்றிவிடுங்கள். இதை மறந்துவிட்டுப் போய்ச் சுடுகாட்டிலிருந்து பைக்கில் ஆள் அனுப்பிப் பெட்டிக்கடையில் புழுங்கலரிசி வாங்கி வந்த கதை எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும்.

காடாத்து

எழுதும்போது காடாற்று. காடு என்பது சுடுகாடு, ஆற்றுவது என்றால் தணிப்பது. எரிந்த இடத்தைப் பால் ஊற்றிக் குளிரவைப்பது. அடுத்த நாளோ மூன்றாம் நாளோ செய்வார்கள். புதைக்கிறவர்கள் இதையே பால் தெளிப்பு என்பார்கள், ஐயர் வைத்துச் செய்கிற வீடுகளில் எலும்பு பொறுக்குவதைச் சேர்த்துச் சஞ்சயனம் என்பார்கள். இப்போது மின்தகன மேடையில் சில மணி நேரத்தில் சாம்பலைச் சட்டியில் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஆற்றுவதற்குக் காடு இல்லை, ஆனாலும் பேர் காடாத்துதான்.

எடுத்துப்போக வேண்டியவை: பசும்பால், இளநீர், பன்னீர், பூ, ஊதுபத்தி, ஒரு வாழையிலை, அப்புறம் போனவர் ஆசையாகச் சாப்பிட்ட ஏதாவது ஒன்று. எங்கள் அப்பாவுக்கு வைத்தது கருவாட்டுக் குழம்பு இல்லை, அதற்கு அத்தை விடவில்லை, பதினைந்தாம் நாளுக்குத் தள்ளிவைத்துவிட்டார். ஒரு காராசேவுப் பொட்டலமும் வெற்றிலைப் பாக்கும் வைத்தோம். அரிவாளும் கையோடு போகட்டும்; இளநீரைப் பல்லால் கடித்துத் திறக்க முடியாது.

அன்று மத்தியானம்தான் எங்களில் சாவு வீட்டு அடுப்பில் மறுபடி தீ மூட்டுவது. மூட்டுவது மாமன் வீட்டுப் பெண், பங்காளி வீட்டுப் பெண் அல்ல. சமையல் ரொம்பக் கொஞ்சம்: சோறு, கடைந்த பருப்பு, ரசம், அகத்திக்கீரை. எண்ணெய்ச் சட்டி ஏறாது, தாளிக்க மாட்டார்கள். தாளிக்கிற வாசனை தெருவுக்கு வந்தால் அந்த வீட்டில் துக்கம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். மூக்கால் படிக்கிற அறிவிப்புப் பலகை மாதிரி.

அகத்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டணத்துச் சமையல்காரர்கள் பலர் இதைக் கெடுத்துவிடுகிறார்கள். கசப்புக் கீரை. காம்பிலிருந்து இலையை மட்டும் உருவ வேண்டும், நடு நரம்பு சேர்ந்தால் நார் நாராக வாயில் நிற்கும். பொடியாக அரிந்து, அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் வேகவிட்டு, பாதி வெந்ததும் ஊறவைத்த பாசிப்பருப்பைப் போட்டு, மூடாமல் வேகவிடுங்கள். உப்பு கடைசியில். இறக்கிய பிறகு தேங்காய்த் துருவலும், கசப்பை அடக்க ஒரு சின்ன அச்சு வெல்லமும். தாளிப்பில்லாமல் இதற்கு இவ்வளவு ருசி இருக்கிறதா என்று நீங்களே கேட்பீர்கள். ஏன் அகத்தி என்று அத்தையைக் கேட்டதற்கு "கசந்து சாப்பிடணும்ல" என்றார். அமாவாசையில் மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுப்பதும் செத்துப்போன பெரியவர்களை நினைத்துத்தான்.

பதினைந்தாம் நாள் ராத்திரி: படையல்

நடு நாட்களில் பெரிய வேலை கிடையாது. துக்கம் கேட்க வருகிறவர்கள் பழம், ரொட்டி, பால் என்று கொண்டுவருவார்கள், வாங்கி வைத்துக்கொள்ளலாம். அடுத்த கனமான சமையல் பதினைந்தாம் நாள் ராத்திரி.

இது ஊருக்குப் போடுகிற சாப்பாடு இல்லை, செத்தவருக்குப் போடுவது. அதனால் பேரும் விருந்து இல்லை, படையல். அவருடைய படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு அவருக்குப் பிடித்தது எல்லாம் வைக்கப்படும். இங்கே கறியும் மீனும் வரலாமா என்பது வீட்டுக்கு வீடு வேறு, எங்களில் வரும். கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, சுருட்டு, ஒரு டம்ளரில் அவர் குடித்தது என்னவோ அது. இந்தக் கடைசிப் பொருளைப் பார்த்துப் படித்த பிள்ளைகள் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் பாருங்கள், போரில் விழுந்தவனுக்கு நட்ட கல்லுக்குக் கள் படைத்த சேதி சங்கப் பாட்டுகளிலேயே வருகிறது. கல் நடுவதைப் படிப்படியாகச் சொல்கிற தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என்று போய் அடுத்ததாகப் பெரும்படை என்கிறது. அந்தக் கல்லுக்குப் பெரிதாகப் படைப்பது. படையல் என்ற சொல் அந்தப் படையிலிருந்து வருவதுதான், ராணுவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கருமாதியில் குளக்கரையில் சின்னக் கல்லை ஊன்றி அதற்கு எண்ணெயும் பாலும் ஊற்றிச் சோற்றுருண்டை வைக்கிறோமே, அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நடுகல் ஞாபகம்தான் வருகிறது.

சோற்றுருண்டைக்குப் பேர் பிண்டம். பச்சரிசியைக் குழைய வடித்து, எள் சேர்த்து, சூடு ஆறும் முன் உருட்டிவிட வேண்டும், ஆறினால் உதிரும். புறநானூற்றின் 234ஆம் பாட்டில் வெள்ளெருக்கிலையார் என்ற புலவர் வேள் எவ்வி என்ற குறுநிலத் தலைவன் இறந்ததைப் பாடுகிறார். பெண் யானையின் காலடி அளவுக்கு ஒரு சின்ன இடத்தை மெழுகி, புல்லைப் பரப்பி, அதன் மேல் அவன் மனைவி இனிய சின்னப் பிண்டம் ஒன்றை வைக்கிறாள். வாசலைத் திறந்துபோட்டு ஊரோடு உட்கார்ந்து சாப்பிட்டே பழகியவன் இதை எப்படித்தான் சாப்பிட்டானோ என்று புலவர் கேட்கிறார். இரண்டாயிரம் வருஷத்துக்குச் சற்று முன்பின்னாக எழுதிய வரி. போன வருஷம் குளக்கரையில் உருண்டையை உருட்டிக்கொண்டு நான் நினைத்ததும் அதேதான். எங்கள் அப்பா தனியாகச் சாப்பிட்டதே கிடையாது.

பதினாறு

இப்போதுதான் ஊருக்கான சோறு. இதற்கு ஒரு பழைய பேர் வேண்டுமென்றால் பெருஞ்சோறு. துறக்கம், அதாவது மேலுலகம், போய்ச் சேர்ந்த தன் முன்னோர்களைப் பேணிச் சேர மன்னன் உதியஞ்சேரல் பெருஞ்சோறு கொடுத்ததாக அகநானூற்றில் மாமூலனார் 233ஆம் பாட்டில் சொல்கிறார். பாரதப் போரில் இரண்டு பக்கப் படைக்கும் சோறு போட்டவன் என்று புறநானூறு புகழ்கிற அதே உதியன். அந்தப் பெருஞ்சோறு இறந்தவர்களுக்காகக் கொடுத்த விருந்துதானோ என்று கேட்கிற அறிஞர்கள் உண்டு. எனக்கு அந்தப் பக்கம்தான் மனசு சாய்கிறது.

சரி, சமையலுக்கு வருவோம். காரியம் காலையில் குளக்கரையில் முடிந்து, தலைப்பாகை கட்டி, கோடி போட்டு, மொய் எழுதி ஆள்கள் சாப்பாட்டுக்கு வருவதற்கு எப்படியும் பதினொன்றரை ஆகும். வடை மட்டும் முதல் பந்திக்கு முன்னால் சுட்டால் போதும். அன்றைக்கு எண்ணெய்ச் சட்டி ஏறுவதே முக்கியமான நிகழ்ச்சி, எங்களில் முதல் வடையைச் சுட்டுப் படையல் இலையில் வைத்த பிறகுதான் அடுத்தது. அன்று தாளிக்கலாம்.

போடுவது: சோறு, பருப்பு நெய், சாம்பார், ரசம், மோர், அகத்திக்கீரை, பூசணிக்காய்க் கூட்டு, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், உளுந்த வடை, பாயசம். வயசாகி, பேரன் பேத்தி எடுத்து, நெய்ப்பந்தம் பிடிக்க ஆள் இருக்கப் போனது கல்யாணச் சாவு, அதற்குப் பாயசம் தாராளமாகப் போடலாம். சின்ன வயதில் போனவருக்குச் செய்யும்போது எங்கள் வீட்டில் பாயசம் கிடையாது, வடையும் பேருக்கு ஒன்று. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் இந்தக் கணக்கைத் தவறவிட்டால் ஊரே பேசும். ஜாங்கிரி, லட்டு, ஐஸ்கிரீம், பீடா எதற்கும் வேண்டாம்.

நூறு பேருக்கு என் கணக்கு இது, முந்நூறுக்கு மும்மடங்கு: அரிசி 12 கிலோ, துவரம்பருப்பு 3 கிலோ, ஒவ்வொரு காயும் 8 கிலோ, ஆய்ந்த கீரை 6 கிலோ, வடைக்கு உளுந்து 3 கிலோ, பாயசத்துக்குப் பால் 8 லிட்டர், தயிர் 8 லிட்டர், இலை 120. கீரையைக் கட்டுக் கணக்கில் வாங்கினால் ஏமாந்துபோவீர்கள், காம்பு பாதி. கருமாதிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது, அதனால் எதிர்பார்க்கிற தலையில் முக்கால் பங்குக்கு வடித்துவிட்டு, மீதி அரிசியைக் களையாமல் ஓரமாக வைத்து, உலைத்தண்ணீரை மட்டும் கொதியில் வைத்திருங்கள். கூட்டம் வந்தால் அரைமணியில் சோறு. வராவிட்டால் அரிசி மூட்டையாக வீட்டுக்குத் திரும்பும்.

முதல் இலை யாருக்கு? காக்கைக்கு. எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, எள் தூவி, மொட்டைமாடியிலோ மதிலிலோ வைத்துக் கூப்பிட வேண்டும். காக்கை வந்து எடுக்காவிட்டால் செத்தவருக்கு ஏதோ குறை என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். யாராவது "தங்கச்சியை நாங்க பாத்துக்கிறோம்ப்பா" என்று சொன்னதும் காக்கை வரும், அழுகையும் வரும். பட்டணத்தில் காக்கை குறைந்துவிட்டது, காத்திருந்து பந்தி தாமதமாகிவிடும். முதல் நாளே காலையில் அதே இடத்தில் கொஞ்சம் சோறு வைத்துப் பழக்கிவிடுங்கள். இது ஏமாற்று வேலை என்று என் தம்பி சொல்கிறான். இருக்கட்டும்.

பந்தி முறை. வாசலில் நின்று "வாங்க" என்று சொல்லக் கூடாது. கையைக் கூப்பினால் போதும், அவர்களும் பதிலுக்குக் கூப்பிடுவார்கள். பந்திக்கு அழைக்கும்போது "உக்காருங்க" என்று சொல்லலாம். கொள்ளி வைத்தவரும் பங்காளிகளும் முதல் பந்தியில் உட்கார மாட்டார்கள். மாமன் மச்சான், சம்பந்தி, ஊர்ப் பெரியவர்கள், அப்புறம் வெட்டியான், வண்ணார், நாவிதர், மேளக்காரர் என்று உழைத்தவர்கள். அந்தக் காலத்தில் இவர்களை எங்கோ ஓரத்தில் தனியாக உட்கார வைத்துக் கடைசியில் போட்டார்கள். அந்த வழக்கத்தை மட்டும் அத்தை சொல்லியும் நான் எழுதிக்கொள்ளவில்லை, எங்கள் வீட்டில் அவர்கள் முதல் பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

சாப்பிட்டு முடித்தால் இலையை எதிர்ப்பக்கமாக மடிக்க வேண்டும், கல்யாண வீட்டில் நம் பக்கமாக மடிப்பதற்கு நேர்மாறு. இந்த உறவு தொடரட்டும் என்பது அங்கே, இப்படி ஒரு சாப்பாடு மறுபடி வேண்டாம் என்பது இங்கே. கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து போய்விடுவார்கள், பரிமாறுகிற பையன்களிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் "சார், சொல்லாமப் போறீங்களே, சாப்பாடு எப்படி இருந்தது?" என்று வாசலில் மடக்கிக் கேட்பார்கள். எங்களுக்கு நடந்தது.

அப்புறம் ஒன்று. பதினாறு முடிந்த ராத்திரியோ மறுநாளோ எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கறிச்சோறு. இதுவும் மாமன் வீட்டுச் செலவு. இரண்டு வாரமாகக் கசந்து சாப்பிட்டவர்களை மறுபடி ருசிக்குக் கூட்டிவருகிற சாப்பாடு இது, கொள்ளி வைத்தவர் வாயில் முதல் கவளம் போனால்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள். சைவ வீடுகளில் இந்த இடத்தில் ஒரு நல்ல வடை பாயசச் சாப்பாடு இருக்கும்.

மற்ற வீடுகளில்

நண்பர் வீட்டுக்குப் போகும்போது தெரிந்திருக்கட்டும் என்பதற்காக மட்டும். பிராமண வீடுகளில் பத்து என்றால் பத்தாம் நாள். பதினொன்றாம் நாள் ஒரே ஒருவருக்குச் சாப்பாடு போடுவார்கள், அவருக்குப் பேர் ஒத்தன், அவரையே இறந்தவராகப் பாவித்துப் போடுவது. பன்னிரண்டு சபிண்டீகரணம், போனவரைப் பாட்டன் பூட்டன் வரிசையில் சேர்ப்பது. பதின்மூன்று சுபஸ்வீகாரம், அன்றைக்குத்தான் ஊருக்கு விருந்து. நீங்கள் எந்த நாளுக்கு அழைக்கப்பட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள், பதினொன்றாம் நாள் போய்ப் பந்தியில் உட்கார முடியாது.

யாழ்ப்பாணத்துக்காரர்கள் எட்டுச் செலவு என்பார்கள், எட்டாம் நாளை ஒட்டிச் செய்கிற படையல், அதில் மீன் இறைச்சி வைக்கிற வீடுகளும் உண்டு. பெரிய நாள் முப்பத்தொன்று. அன்றைக்கு அந்தியேட்டி, பலர் கீரிமலைக்குப் போய்ச் செய்வார்கள், திரும்பி வந்து வீட்டுக் கிருத்தியம், அதன் பிறகு எல்லோருக்கும் சாப்பாடு. தீட்டுக்கு அங்கே துடக்கு என்று பேர். வருஷ நினைவு ஆட்டைத் திவசம். ஆட்டை என்றால் ஆண்டு. நம் ஆள்களில் சிலர் அதை ஆடு சம்பந்தப்பட்ட விருந்து என்று நினைத்ததைக் கேட்டிருக்கிறேன்.

முஸ்லிம் வீடுகளில் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி நெய்ச்சோறும் கறியும் கொடுப்பது பல ஊர்களில் இருக்கிறது, அது மார்க்கத்தில் இல்லை என்று விட்டுவிட்ட குடும்பங்களும் நிறைய. கேட்காமல் எதிர்பார்க்காதீர்கள்.

திவசம்

வருஷம் முடிந்ததும் வருவது. திவசம் என்றால் நாள், திதி என்றாலும் சந்திரக் கணக்கில் நாள்தான். தேதி பார்க்காமல் திதி பார்த்துச் செய்வார்கள், அதனால் ஒவ்வொரு வருஷமும் தேதி நகரும், நாட்காட்டியில் இப்போதே குறித்துவையுங்கள். இந்தச் சமையலில் முறையாகச் செய்கிற வீடுகளில் வெங்காயம், பூண்டு, பெருங்காயம் கிடையாது, மிளகாய்க்குப் பதில் மிளகு, முட்டைக்கோஸ் காலிஃபிளவர் மாதிரி வெளியூர்க் காய்கள் எதுவும் இல்லை. பாகல், பிரண்டை, பலா மூன்றும் முக்கியம். விசுவாமித்திரர் தனக்கு ஆயிரத்தெட்டுக் காய் சமைத்துப் போட வேண்டும் என்று கேட்டாராம், வசிட்டர் வீட்டில் பாகற்காய் நூறுக்குச் சமம், பிரண்டை முந்நூறு, பலாக்காய் அறுநூறு, மீதி எட்டுக்கு எட்டுக் காய் என்று கணக்கைச் சரிக்கட்டிப் போட்டார்களாம். பட்ஜெட் பார்த்துச் சமைக்கிறவர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும். பிரண்டையை வெறும் கையால் நறுக்காதீர்கள், அரிக்கும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவையும் ஓர நாரையும் எடுத்துவிட்டு, பச்சை வாசனை போக நன்றாக வதக்கிப் புளி வைத்துத் துவையல் அரையுங்கள்.

எங்கள் அப்பாவின் முதல் திவசம் போன மாதம் வந்தது. இந்த முறை வேறு சமையல்காரர். போனை எடுத்ததும், மென்று முழுங்காமல், "அப்பாவுக்குத் தலைத் திவசம், நாப்பது பேர்" என்றேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமில்லை. அப்புறம் அவராகவே கேட்டார்: "வெங்காயம் சேப்பீங்களா தம்பி? பிரண்டை நாங்களே கொண்டாரட்டுமா? காக்காய்க்கு எத்தனை மணிக்கு வைக்கணும்?"